இரவு உழவுக்கு ஒளி: டிராக்டரில் பணி விளக்குகளைத் தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

மானாவாரி வேளாண்மையில் விதை, உரம், நீர் ஆகியவற்றைப் போலவே காலமும் ஓர் இடுபொருளாகும். மற்ற இடுபொருள்கள் குறைந்தால் கடன் வாங்கியேனும் ஈடு செய்யலாம். தவறிய பருவத்தை எந்த வங்கியும் கடனாகத் தர இயலாது. பெங்களூரு நகரைச் சூழ்ந்துள்ள கோலார், சிக்கபள்ளாப்பூர், தும்கூரு முதலிய மாவட்டங்களின் செம்மண் நிலங்களில் கேழ்வரகு பயிரிடும் உழவர்கள் இதனை நன்கு அறிவார்கள். அங்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களே விதைப்புக்கு உரிய காலம். மழை பெய்து ஓய்ந்தபின் மண்ணில் ஈரம் தங்கும் நாள்கள் மிகச் சில. அந்தச் சில நாள்களுக்குள் உழுது, பரம்படித்து, விதைத்து முடித்தாக வேண்டும்.

இந்நிலையில் டிராக்டரின் வேலை நேரத்தை மாலை ஆறு மணிக்குமேல் நீட்டிக்க உதவும் பணி விளக்கு, தோற்றத்தில் சிறிய துணைக்கருவியே எனினும் பயனில் பெரியது. ஆனால் அதனைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்துவதிலும் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. மிகுந்த ஒளி தருவதே சிறந்த விளக்கு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், எவ்வளவு ஒளி என்பதைவிட எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எந்த வேளையில் ஒளி என்பதே முதன்மையான கேள்வி. தவறாகப் பொருத்திய விளக்கு ஓட்டுநரின் கண்ணை மறைக்கும், பேட்டரியை வறட்டும், சாலையில் எதிரே வருபவரின் உயிருக்கும் ஊறு விளைவிக்கும்.

இரவு வேலை ஏன் தேவைப்படுகிறது?

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் ஓர் உழவரின் சராசரி நில அளவு 1.36 எக்டேர். இத்தகைய சிறு நிலத்தை மட்டும் நம்பி டிராக்டர் வாங்குவது கட்டுபடியாகாது. எனவே டிராக்டர் வைத்திருப்போர் தம் நிலத்தை உழுதபின் அண்டை அயலாருக்கும் வாடகைக்கு உழுது தருகின்றனர். 2014-15ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கமும், கர்நாடக அரசின் கிருஷி யந்த்ர தாரே என்னும் வாடகை மையத் திட்டமும் இந்த முறைக்கு நிறுவன வடிவம் அளித்தன.

வாடகை முறையின் சிக்கல் யாதெனில், மழை எல்லோர் நிலத்திலும் ஒரே நாளில் பெய்கிறது. எல்லோருக்கும் டிராக்டர் ஒரே வாரத்தில் தேவைப்படுகிறது. வரிசையில் கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் மிகச் சிறிய நிலமுடையவராகவே இருப்பார். பகலில் பத்து மணி நேரம் ஓடும் டிராக்டர் இரவில் மேலும் நான்கு மணி நேரம் ஓடினால், நான்கு நாள்களில் 16 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு ஈரம் காய்வதற்குள் உழவு கிட்டுமா என்பது பல வேளைகளில் இந்த மணி நேரத்தைப் பொறுத்தே அமைகிறது. பணி விளக்கு சமூக நோக்கிலும் கருதத்தக்கது என்பதற்கு இதுவே காரணம்.

பெங்களூரும் பண்ணைப் பொறிகளும்

இப்பொருளை ஆராய்வதற்குப் பெங்களூரு ஏற்ற இடமாகும். கோலார் தங்கச் சுரங்கங்களுக்காக 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நீர்மின்சாரம், 1905இல் இந்நகரின் தெருக்களிலும் விளக்கேற்றியது. 1951இல் இங்கு அமைந்த மைக்கோ நிறுவனம் டீசல் பொறிகளுக்கான எரிபொருள் செலுத்தும் பம்புகளைத் தயாரித்தது. 1953இல் பெங்களூரில் பிறந்த எச்.எம்.டி. நிறுவனம் 1971இல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் உற்பத்தியில் இறங்கியது. அப்பிரிவை மூட 2016இல் முடிவாயிற்று. 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானிய மிட்சுபிஷியின் கூட்டுறவோடு பவர் டில்லர்களைப் பரப்பியது. 1964இல் நிறுவப்பட்ட வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் ஹெப்பாளிலும் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் மானாவாரி வேளாண்மையை ஆராய்ந்து வருகிறது.

பணி விளக்கு வாங்க வரும் உழவர் நகரின் ஜே.சி. சாலையிலுள்ள வாகன உதிரிபாகக் கடைகளையோ, எஸ்.பி. சாலையிலுள்ள மின்னணுப் பொருள் கடைகளையோ நாடலாம். அங்கு விளக்குகளுக்குக் குறைவில்லை. குறை, எதை வாங்குவது என்னும் தெளிவில்தான்.

எங்கே ஒளி வேண்டும்?

நம் நாட்டு டிராக்டர்களில் முன்புறம் இரண்டு தலைவிளக்குகளும், பின்புற மட்கார்டில் ஓர் உழவு விளக்கும் பொதுவாக இடம்பெறுகின்றன. தலைவிளக்கு சாலைக்கென வடிவமைக்கப்பட்டது. அதன் ஒளிக்கற்றை குறுகியது, நீண்டது. வயலில் தேவை வேறு.

உழவின்போது டிராக்டர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 1.4 மீட்டர் அளவே நகர்கிறது. முன்னால் 12 மீட்டர் தொலைவு தெளிவாகத் தெரிந்தால், தடையைக் கண்டு நிறுத்த எட்டு வினாடிக்கு மேல் அவகாசம் உண்டு. எனவே நூறு மீட்டர் பாயும் குவிந்த ஒளி வயலில் வீணாகும். பக்கவாட்டில் விரிந்து, வரப்பு, கிணற்றுமேடு, மின்கம்பம், மரம் ஆகியவற்றைக் காட்டும் விரிகற்றையே வேண்டப்படுகிறது. பம்பு செட்டுகளுக்கு முறைவைத்து வழங்கப்படும் மும்முனை மின்சாரம் பல இடங்களில் இரவிலும் கிடைப்பதால், நீர் பாய்ச்ச வந்தவர் வரப்பில் அமர்ந்திருக்கவோ படுத்திருக்கவோ கூடும். திரும்பும் இடங்களில் பக்கவாட்டு ஒளி இன்றியமையாதது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

பின்புறத் தேவை இன்னும் நுட்பமானது. கொத்துக் கலப்பையில் களை சிக்கியுள்ளதா, விதைப்பானின் குழாய்கள் அடைபட்டுள்ளனவா, ரோட்டவேட்டர் ஒரே ஆழத்தில் செல்கிறதா என்பதை ஓட்டுநர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரே உழவு விளக்கு ஒரு பக்கமிருந்து ஒளி வீசுவதால், கருவியின் மறுபாதி அதன் நிழலிலேயே மறைந்துவிடுகிறது. இரு பக்கமும் ஒவ்வொரு விளக்கு இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது நீக்கும். 100 வாட் விளக்கு ஒன்றைவிட, பாதித் திறனுள்ள விளக்குகள் இரண்டு மேலானவை என்பது இதனால் விளங்கும்.

விளக்கை ஓரளவு உயரத்தில் வைப்பதற்கும் எளிய கணக்கு உண்டு. விளக்கிலிருந்து 6 மீட்டர் தொலைவில் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மண்கட்டி இருப்பதாகக் கொள்வோம். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அக்கட்டியின் நிழல் 2 மீட்டர் நீளும். அந்த நிழலுக்குள் ஒரு குழியே மறைந்திருக்கலாம். விளக்கை 2.2 மீட்டர் உயரத்துக்கு உயர்த்தினால் நிழல் 60 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆனால் உயரத்திலுள்ள விளக்கு, ஓட்டுநரின் கண்ணுக்கு அருகிலேயே அமைந்துவிட்டால் வேறொரு தொல்லை எழுகிறது. காற்றிலுள்ள செம்மண் தூசி ஒளியை நேரே கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். முன்னால் வெண்திரை போட்டாற் போலாகும். எனவே கூரையின் இரு ஓரங்களில், கண்ணின் பார்வைக்கோட்டிலிருந்து விலகி, ஒன்றுக்கொன்று அகலமாக விளக்குகளை அமைப்பதே தக்கது.

ஹாலஜனா, எல்.இ.டி.யா?

நெடுங்காலமாக டிராக்டர்களில் 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் பல்புகளே பயன்பட்டு வந்தன. இத்தகைய பல்பு ஒன்று ஏறத்தாழ 1,450 லூமன் ஒளி தரும். அதாவது வாட் ஒன்றுக்கு 26 லூமன். மீதி மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. பின்புற அச்சில் அதிர்வு தாங்கும் வில்லமைப்பு இல்லாத டிராக்டரில், பல்பின் மெல்லிய இழை அதிர்வினால் விரைவில் அறுந்துபோவதும் உண்டு.

வெண்ணிற எல்.இ.டி. விளக்கிற்கு வழிகோலிய நீலநிற ஒளி உமிழ் டையோடைக் கண்டறிந்த மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நல்ல எல்.இ.டி. பணி விளக்கு வாட் ஒன்றுக்கு 80 முதல் 100 லூமன் வரை தருகிறது. அதில் அறுந்துபோக இழை இல்லை. விலை ஒரு காலத்தில் எட்டாததாக இருந்தது. இன்று எல்லோருக்கும் எட்டும் அளவுக்கு இறங்கியுள்ளது. எனவே புதிதாக வாங்குவோருக்கு எல்.இ.டி. விளக்கே பொருத்தமானது எனலாம். எனினும் மூன்று கூறுகளைச் சோதிக்காமல் வாங்குதல் கூடாது.

முதலாவது, உண்மைத் திறன். பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள வாட் அளவு விளக்கில் இல்லாதிருப்பது உண்டு. இதனைக் கண்டறிய எளிய வழி உள்ளது. விளக்கை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, மின்னோட்டத்தை அம்மீட்டரால் அளந்து, வோல்ட்டால் பெருக்க வேண்டும். 100 வாட் என்று விற்கப்படும் விளக்கு 2 ஆம்பியரே எடுத்தால், அதன் உண்மைத் திறன் 24 வாட்தான். அம்மீட்டரைக் கையாளத் தெரிந்த கடைக்காரர் எவரும் இச்சோதனையை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டலாம்.

இரண்டாவது, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு. எல்.இ.டி. சில்லு சூடேறச் சூடேற அதன் ஒளியும் ஆயுளும் குறையும். பின்புறம் கனமான அலுமினியத் தகடுகள் கொண்ட விளக்கே நீடிக்கும். தகடுகளுக்கிடையே மண் அப்பிக்கொண்டால் அவற்றின் பயன் கெடும். வாரம் ஒருமுறை துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தூசியும் நீரும் புகாத உறை. இதனை ஐ.பி. என்னும் இரு இலக்கக் குறியீடு காட்டுகிறது. ஐ.பி.67 என்பதில் 6 என்னும் இலக்கம் தூசி அறவே புகாது என்பதையும், 7 என்னும் இலக்கம் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கேடில்லை என்பதையும் குறிக்கும். சேற்று உழவு செய்யும் டிராக்டருக்கு இதற்குக் குறைந்த தரம் போதாது.

மின்சார வரவும் செலவும்

டிராக்டரில் மின்சாரத்தை ஈட்டுவது ஆல்டர்னேட்டர். சேமித்து வைப்பது பேட்டரி. குடும்பச் செலவைப் போலவே இங்கும் வரவறிந்து செலவிட வேண்டும். நடுத்தர டிராக்டர்கள் பலவற்றில் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் 75 ஆம்பியர் மணி பேட்டரியும் அமைந்துள்ளன. தலைவிளக்குகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் கொள்ளும். பின்விளக்கு, அளவி விளக்கு முதலியன 3 ஆம்பியர் கொள்ளும். பேட்டரி மீண்டும் நிரம்ப 5 ஆம்பியர் ஒதுக்கினால், எஞ்சுவது 19 ஆம்பியர். இதுவும் பொறி முழு வேகத்தில் சுழலும்போதுதான். மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் வரவு மிகவும் குறைந்துவிடும்.

இந்நிலையில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் நான்கு பொருத்தினால் அவை 18 ஆம்பியருக்கு மேல் எடுத்து, எஞ்சியதனைத்தையும் விழுங்கிவிடும். 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 7 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும்; தரும் ஒளியோ ஹாலஜன் நான்கினும் மிகுதி. பொறியை நிறுத்திவிட்டு விளக்கை எரிய விட்டால், நான்கு ஹாலஜன் விளக்குகளும் இரண்டு மணி நேரத்தில் பேட்டரியின் பாதியைத் தீர்த்துவிடும். நள்ளிரவில், ஊருக்கு வெளியே, கிளம்ப மறுக்கும் டிராக்டரோடு நிற்கும் நிலை பெரும்பாலும் இவ்வாறுதான் நேர்கிறது.

பொருத்தும் முறை

முன்புற விளக்குகளைக் கூரைச் சட்டத்தின் முன் ஓரங்களில் பொருத்தலாம். 2.2 மீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் நடுக்கற்றை 8 மீட்டர் தொலைவில் தரையைத் தொட வேண்டுமானால், விளக்கு ஏறத்தாழ 15 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கற்றையின் எந்தப் பகுதியும் எஞ்சின் மூடியின்மேல் விழலாகாது. பளபளப்பான மூடி அவ்வொளியை ஓட்டுநரின் கண்ணிலேயே எறியும். இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால், முழுமையாக மீண்டும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகலாம்.

பின்புற விளக்குகளை இரு மட்கார்டுகளிலோ, கூரையின் பின் ஓரங்களிலோ வைக்கலாம். மும்முனை இணைப்பின் கைகள் முழுதும் உயர்ந்த நிலையில் விளக்கையோ கம்பியையோ தொடாமலிருக்கின்றனவா என்று கருவியைத் தூக்கி இறக்கிப் பார்த்த பின்னரே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பி.டி.ஓ. தண்டும் அதன் காப்புறையும் தெளிவாகத் தெரியும்படி ஒரு விளக்கேனும் அமைய வேண்டும். சுழலும் தண்டில் வேட்டியோ துண்டோ சிக்கி நேரும் விபத்துகள் கொடியவை. இரவில் அவற்றுக்கு வாய்ப்பு மிகுதி.

கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புச் சட்டம் டிராக்டரில் இருப்பின், அதில் துளையிடுவதோ பற்றவைப்பதோ கூடவே கூடாது. அச்சட்டத்தின் வலிமை அதன் முழுமையில் உள்ளது. குழாயைச் சுற்றி இறுக்கும் பிடிப்பட்டைகளைக் கொண்டே விளக்கைப் பொருத்த வேண்டும். பிடிப்பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர்த் துண்டு வைத்தால் அதிர்வு குறையும். ஸ்பிரிங் வாஷரோ பூட்டு நட்டோ இல்லாத போல்ட்டு ஒரு பருவத்துக்குள் தளர்ந்துவிடும்.

கம்பியும் உருகியும்

பணி விளக்குகளில் காணப்படும் குறைகளில் பெரும்பாலானவை விளக்கிலல்ல, கம்பியிலேயே தோன்றுகின்றன. 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு 9.2 ஆம்பியர் தேவை. பேட்டரியிலிருந்து விளக்குவரை 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர் செம்புக் கம்பி எனக் கொள்வோம். கம்பியின் குறுக்களவு 1 சதுர மில்லிமீட்டராக இருந்தால் வழியிலேயே 1.27 வோல்ட் இழப்பாகும். அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு அரை வோல்ட்டுக்கு இறங்கும். கம்பியில் மிச்சம் பிடித்த பணம், விளக்கில் வீணாகிறது.

விளக்குகளின் முழு மின்னோட்டத்தையும் ஓட்டுநரின் கையருகேயுள்ள சுவிட்ச் வழியே செலுத்துவது தவறு. சுவிட்ச் சூடேறி உருகும், தீப்பற்றவும் கூடும். ரிலே என்னும் இடைக்கருவி இதற்கெனவே உள்ளது. சுவிட்சின் சிறு மின்னோட்டம் ரிலேயை இயக்க, ரிலே பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேரடியாகப் பெரு மின்னோட்டத்தைச் செலுத்தும். பேட்டரிக்கு மிக அருகில், கம்பி தொடங்கும் இடத்திலேயே பியூஸ் எனப்படும் உருகியை வைக்க வேண்டும். 9 ஆம்பியர் சுமைக்கு 15 ஆம்பியர் உருகி போதும். அது அடிக்கடி உருகுகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது, நோயை விட்டுவிட்டு நோயை உணர்த்தும் மணியை உடைப்பதாகும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். கம்பிகளை நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, புகைபோக்கியிலிருந்து விலக்கி, தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இட்டு அமைக்க வேண்டும். முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று எனத் தனித்தனிச் சுவிட்சுகள் தேவை. இதன் இன்றியமையாமை சாலையில் விளங்கும்.

வயலை விட்டுச் சாலைக்கு வந்தால்

வயலில் நன்மை செய்யும் அதே விளக்கு சாலையில் தீமையாக மாறும். 1989ஆம் ஆண்டு மைய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன்நோக்கிய விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாதிருக்க வேண்டும் என்கிறது. 108ஆம் விதியின்படி, வாகனத்தின் பின்புறம், விதிவிலக்களிக்கப்பட்ட சில விளக்குகள் நீங்கலாக, சிவப்பு தவிர வேறு ஒளி தெரியலாகாது. இதன் காரணம் தெளிவானது. இருளில் வெண்ணொளியைக் காண்பவர், வாகனம் தம்மை நோக்கி வருவதாகவே கருதுவார். பின்புறப் பணி விளக்கை அணைக்காமல் செல்லும் டிராக்டரைப் பின்தொடர்பவர், அது எத்திசையில் செல்கிறது என்பதை அறியாமல் தடுமாறுவார். அந்த ஒளியின் கூச்சத்தில் டிரெய்லரின் விளிம்பும் அதன் சிவப்பு விளக்கும் மறைந்துவிடும்.

1933இல் சர்க்கரை ஆலை அமைந்த மண்டியா போன்ற கரும்பு வட்டாரங்களில், அகலமாகக் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இரவில் செல்வது வழக்கம். கரும்பின் தோகை பின்விளக்கையும் பிரதிபலிப்பான்களையும் மூடிவிடுவதுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைப் பாதையில், அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் டிராக்டர் முதலிய மெதுவான ஊர்திகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதனால் அவை கிராமத்தார் நடந்தும் இருசக்கர ஊர்திகளிலும் செல்லும் பக்கச் சாலைகளைப் பயன்படுத்த வேண்டியுள்ளது. எனவே அங்குக் கண் கூசாத முன்விளக்கும், மறையாத பின்விளக்கும் முன்னிலும் தேவையாகின்றன.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில், மெதுவாகச் செல்லும் ஊர்திகளுக்கான முக்கோண அடையாளம் ஒன்று உருவாக்கப்பட்டது. பகலில் ஒளிரும் ஆரஞ்சு நிறமும், இரவில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிவப்பு விளிம்பும் கொண்ட அத்தகடு இன்று பல நாடுகளில் பண்ணை ஊர்திகளின் பின்னால் காணப்படுகிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. பேட்டரி தீர்ந்தாலும் அது தன் பணியைச் செய்யும். பணி விளக்குக்குச் செலவிடும் தொகையின் ஒரு சிறு பகுதியில் டிரெய்லரின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் பிரதிபலிப்பு நாடா ஒட்டிவிடலாம். விளக்கு வாங்குபவர் இதனையும் சேர்த்தே வாங்குவது அறிவுடைமை.

கட்டுபடியாகுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தேய்மானம், வட்டி முதலிய நிலையான செலவு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஆகும் டிராக்டர் 600 மணி நேரம் ஓடினால், மணிக்கு 200 ரூபாய் நிலையான செலவாக விழும். பருவ நாள்களில் இரவு வேலையால் மேலும் 100 மணி நேரம் ஓடினால் அது ஏறத்தாழ 171 ரூபாயாகக் குறையும். நான்கு விளக்குகள், கம்பி, ரிலே, உருகி, கூலி ஆகியவற்றுக்கு 6,000 ரூபாய் எனவும், அவை ஐந்தாண்டு உழைக்கும் எனவும் கொண்டால், இரவு வேலையின் ஒவ்வொரு மணிக்கும் 12 ரூபாயே கூடுதலாகும். இரவுக்கெனத் தரும் கூடுதல் கூலியைச் சேர்த்தாலும், வேலை இருக்கும்வரை கணக்கு ஆதாயத்தையே காட்டும். இந்த ஆதாயத்தில் ஒரு பகுதி வாடகைக் குறைவாக உழவரைச் சென்றடைய வேண்டும் என்பது வாடகை மையங்களை நடத்துவோர் கருதத்தக்கது.

ஆனால் கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அது ஓட்டுநரின் உறக்கம். எவ்வளவு நல்ல விளக்கும் களைத்த கண்ணைத் தெளிவாக்காது. பகல் முழுதும் ஓட்டியவரையே இரவிலும் ஓட்டச் செய்வதற்கு விளக்கு ஒரு சாக்காகிவிடக் கூடாது. இரவுக்கு வேறு ஓட்டுநர் என்பதே முறை; அவருக்குரிய கூலியும் வரவு செலவில் இடம்பெற வேண்டும்.

செய்யத்தக்கவை

வாடகை மையங்களின் டிராக்டர்களைப் பருவத்துக்கு முன் சோதிக்கும்போது எண்ணெய், டயர், பிரேக்கு ஆகியவற்றுடன் விளக்குகளையும் பட்டியலில் சேர்க்கலாம். பணி விளக்கின் கோணம், தனிச் சுவிட்சு, உருகி, பின்புறச் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பு நாடா ஆகிய ஐந்தையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபுரம் மாவட்டத்துக் கார்லதின்னேயிலுள்ள தென் மண்டலப் பண்ணைப் பொறிப் பயிற்சி, பரிசோதனை நிலையம் போன்றவற்றில் பயிலும் ஓட்டுநர்களுக்கு, விளக்கைப் பொருத்தவும் அளக்கவும் கைப்பழக்கம் அளிக்கலாம். ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடைபெறும் வேளாண் திருவிழாவில் மாலைப் பொழுதில் ஒரு செயல் விளக்கம் நடத்தி, தவறாகவும் சரியாகவும் விளக்குப் பொருத்திய இரு டிராக்டர்களை அருகருகே நிறுத்திக் காட்டினால், பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது எளிதில் மனத்தில் பதியும்.

இயந்திரமயமாக்கலைப் பற்றிப் பேசும்போது குதிரைத்திறனையும் டிராக்டர் எண்ணிக்கையையும் கூறுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குதிரைத்திறன் உரிய நாளில், உரிய நிலத்துக்கு, எவருக்கும் ஊறின்றிச் சென்று சேர்கிறதா என்பதே பயனை அளக்கும் கோல். நான்கு சிறு விளக்குகள், தக்க கம்பி, ஓர் உருகி, சாலைக்கு ஏறுமுன் அணைக்கும் பழக்கம் ஆகியவை சேர்ந்தால், மழையை நம்பிய உழவருக்கு ஒரு பருவத்தில் சில நாள்கள் கூடுதலாகக் கிடைக்கும். மானாவாரி நிலத்தில் விளைச்சலுக்கும் இழப்புக்கும் இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் அந்தச் சில நாள்களே ஆகும்.